இலை உதிரும்போது வேரைப் பாருங்கள்

சமையலறையைக் கூட்ட வந்த என் தாயார் விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார். யன்னலுக்கு அப்பால் மூலையிலிருந்த கறிவேப்பிலைச் சாடியைச் சுற்றி மஞ்சள் நிறச் சிற்றிலைகள் உதிர்ந்து கிடந்தன. முதல்நாள் மாலையில்தான் அந்த இடத்தைக் கூட்டியிருந்தார். செடியைப் பார்த்தேன். இலைகளைவிட வெறும் ஈர்க்குகளே அதிகமாகத் தெரிந்தன.

"இது இனித் தேறுமா தம்பி?" என்று தாயார் கேட்டார்.

வெளியே மார்கழி மழை விடாது பெய்துகொண்டிருந்தது. "காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறோமே, தேறாமல் என்ன?" என்று பதில் சொன்னேன். நோயின் காரணம் அந்தப் பதிலிலேயே அடங்கியிருந்தது. அதை அறிந்துகொள்ள எனக்கு மேலும் மூன்று வாரங்கள் வேண்டியிருந்தன.

ஒரு கறிவேப்பிலைச் செடிக்காகவா இவ்வளவு கவலை என்று வாசகர்கள் எண்ணக்கூடும். பதுளைச் சந்தைக்குப் போனால் ஒரு பிடி கறிவேப்பிலை கிடைக்காமற் போவதில்லை. ஆயினும் எங்கள் வீட்டுச் செடிக்கு ஒரு வரலாறு உண்டு. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். நாடற்றவர்களாய் இருந்த மலையக மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் அதிலே பங்கிடப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும் என்றார்கள். பங்கிடப்பட்டவை குடும்பங்களும்தான். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்த என் தாயாரும் அவருடைய தமக்கையாரும் அவ்வாறு பிரிந்தவர்கள். தமக்கை குடும்பம் எழுபதுகளின் நடுவில் தலைமன்னார் வழியாகக் கப்பலேறி, முடிவில் நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தது. புறப்படுவதற்கு முதல்நாள், லயத்தின் பின்புறம் தங்கள் தாய் நட்டிருந்த கறிவேப்பிலை மரத்தின் வேரிலிருந்து கிளம்பிய கன்று ஒன்றைப் பெரியம்மா தோண்டி, ஈரச் சாக்கிற் சுற்றித் தங்கையின் கையிற் கொடுத்தாராம்.

அந்த லயம் இடிக்கப்பட்டுப் பல காலமாகிவிட்டது. மரமும் இல்லை. நாங்கள் வீடு மாறிய போதெல்லாம் கன்றின் கன்றாக உடன் வந்தது இச் சாடிச் செடி ஒன்றுதான். அது இலையுதிர்த்து நின்றபோது என் தாயார் கேட்ட கேள்வி ஒரு செடியைப் பற்றியது மாத்திரமன்று என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

நாங்கள் செய்த வைத்தியம்

ஐப்பசி மழை தொடங்கியவுடன், செடி நனைந்து கெட்டுவிடும் என்று நினைத்து முற்றத்திலிருந்த சாடியைத் தூக்கிச் சமையலறை மூலையில் வைத்தவன் நானே. தரை ஈரமாகாதிருக்க அடியில் ஒரு தட்டும் வைத்தேன். இலை மஞ்சளித்தபோது, தண்ணீர் போதவில்லை என்று கருதி அதிகம் ஊற்றினோம். அதற்கும் இலை உதிரவே, சத்துப் போதவில்லை என்று இரண்டு கரண்டி யூரியாவைக் கரைத்து விட்டேன். அதன்பின் நாளுக்குப் பத்து இலை உதிர்ந்தது முப்பது ஆயிற்று.

தைப்பொங்கலுக்கு மறுநாள் என் மாணவன் ஒருவனின் பாட்டனார் வீட்டுக்கு வந்திருந்தார். தோட்டத்துத் தவறணையில், அதாவது தேயிலை நாற்றுமேடையில், முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து ஓய்ந்தவர். தேநீர் அருந்திக்கொண்டிருந்தவரின் பார்வை சாடியின்மேல் விழுந்தது. எழுந்து வந்தார். இலையைப் பார்க்கவில்லை, சாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"மாஸ்டர், இந்தச் சாடி இவ்வளவு பாரமா இருக்கக் கூடாதுங்க."

விரலை மண்ணுக்குள் ஆழ விட்டு எடுத்து முகர்ந்தார். என் மூக்கருகேயும் நீட்டினார். சேற்று நாற்றம் வீசியது.

"வேரு மூச்சு முட்டிக் கெடக்கு. எலைக்குத் தாகம்னு நெனச்சுத் தண்ணி ஊத்தியிருக்கீங்க. எலைக்குத் தாகந்தான். ஆனா குடிக்கிறதுக்கு வேரு வேணுமில்லீங்களா?"

பட்டப் படிப்புப் படித்த எனக்கு அவ்விரண்டு வாக்கியங்கள் ஒரு பாடமாயின. இலைவாடல் நீர்க்குறைவின் அடையாளம் என்பது உண்மையே. ஆனால் மண்ணில் நீர் இல்லாவிட்டாலும் செடி வாடும். மண்ணில் நீர் மிகுந்து வேர் அழுகிவிட்டாலும் வாடும். மேலே தோன்றும் அடையாளம் ஒன்று, கீழே காரணம் இரண்டு. ஒன்றுக்கு மருந்தாவது மற்றதற்கு நஞ்சாகும்.

இலை ஏன் உதிர்கிறது?

இலையுதிர்வைச் செடியின் தோல்வி என்றே நாம் கருதுகிறோம். தாவரவியல் வேறுவிதமாகச் சொல்லும். வரவு குறைந்த குடும்பம் செலவைக் குறைப்பதுபோல, வேர் தரும் நீர் எல்லா இலைகளுக்கும் போதாதபோது செடி சில இலைகளைக் கைவிடுகிறது. இலை ஒவ்வொன்றும் தன் நுண்ணிய வாய்களால் நீரை ஆவியாக வெளிவிட்டுக்கொண்டிருப்பது. இலை குறைந்தால் அந்தச் செலவும் குறையும்.

அப்படிக் கைவிடும்போதும் அது வெறுங்கையோடு விடுவதில்லை. முதிர்ந்த இலையிலுள்ள நைதரசன் முதலிய சத்துக்களைத் தண்டுக்குத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. பச்சையம் சிதைந்து இலை மஞ்சளாவது இவ்வேளையில்தான். பின்னர்க் காம்பின் அடியில் மெல்லிய கலப்படை ஒன்று தளர்ந்து, இலை கழன்று விழுகிறது. விழுந்த இடத்தைத் தக்கை போன்ற படை மூடிக்கொள்ளும். ஆகவே மஞ்சளாகி ஒழுங்காக உதிரும் இலை, செடி இன்னும் தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்கிறது என்பதற்குச் சான்று. பச்சையாகவே கருகிக் கிளையோடு ஒட்டி நிற்கும் இலையே அதிக அச்சத்துக்குரியது. அங்கே உதிர்ப்பதற்கும் உயிர் இல்லை.

செடிக்கு உயிர் இருக்கிறதா என்று அறிய எளிய வழியொன்று உண்டு. நுனிக் கொம்பின் பட்டையை நகத்தால் சிறிது சுரண்டுங்கள். உள்ளே ஈரப் பசுமை தெரிந்தால் அக்கொம்பு உயிரோடுள்ளது. காய்ந்து பழுப்பாக இருந்தால் சிறிது கீழே சுரண்டுங்கள். அடித்தண்டு வரை பழுப்பாக இருந்தாலும் உடனே பிடுங்கி எறிய வேண்டாம். கறிவேப்பிலை வேரிலிருந்தே கன்று விடும் இயல்புடையது. எங்கள் செடியின் நுனிகள் காய்ந்திருந்தன. அரைத் தண்டுக்குக் கீழே பசுமை இருந்தது.

ஊவாவின் இரு பருவங்கள்

இலையுதிர்வின் காரணத்தை அறிய விரும்புவோர் முதலில் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். நம் ஊவாவின் பருவங்கள் மற்ற மலைநாட்டுப் பகுதிகளின் பருவங்களைப் போன்றவையல்ல. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஹற்றன், நுவரெலியாப் பக்கத்து மலைகளில் தன் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக ஹப்புத்தளை, பண்டாரவளை வழியே நம் பக்கம் இறங்குகிறது. இதனையே கச்சான் என்கிறோம். அப்பொழுது செடிக்கு வேரால் வரும் நீரைவிட இலையால் போகும் நீர் மிகும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் உள்ள தனி வாசனை இவ்வறட்சி மாதங்களில்தான் பிறக்கிறது. தேயிலைக்கு வாசனை தரும் அதே காற்று விறாந்தையில் நிற்கும் சாடிச் செடியின் இலையைச் சருகாக்கி விடும்.

ஐப்பசி முதல் தை வரை நிலைமை தலைகீழ். வடகீழ்ப் பருவமழை நம்மை நேரே தாக்கும். வெயில் குறையும், இரவுகள் குளிரும். கறிவேப்பிலை வெப்பத்தை விரும்பும் மரம். குளிர் இரவுகளில் அதன் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். வளராத செடி நீரையும் அதிகம் குடிப்பதில்லை. பதுளை நகரில் இருப்பவர்களைவிட வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்தவர்கள் இதனைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஆடியில் நாள்தோறும் கேட்ட தண்ணீரை மார்கழியிலும் நாள்தோறும் ஊற்றுவது, பசியில்லாத குழந்தையின் வாயில் சோற்றைத் திணிப்பதற்கு ஒப்பாகும்.

இதற்கெல்லாம் ஒரே அளவுகோல் விரல்தான். மண்ணில் இரண்டாம் கணு வரை விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். உலர்ந்திருந்தால், அடித் துவாரத்தால் வடியும்வரை ஒரே தடவையில் நன்றாக ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். கச்சான் காலத்தில் மண் கெட்டியாகிச் சாடியின் ஓரத்தை விட்டு விலகியிருந்தால், மேலே ஊற்றும் நீர் ஓரமாக ஓடிப்போகும். அப்பொழுது சாடியையே ஒரு வாளி நீரில் அமிழ்த்தி, குமிழி வருவது நிற்கும்வரை வைத்தெடுத்து வடிய விடுங்கள்.

மடூல்சீமையில் உதிர்ந்த இலைகள்

இலையுதிர்வுக்குக் காரணம் எப்போதும் நீர்தானா? அல்ல. இதனை நமக்கு உணர்த்த வெளியூர் உதாரணம் வேண்டியதில்லை. பதுளைக்குக் கிழக்கேயுள்ள மடூல்சீமையே போதும்.

1869ஆம் ஆண்டில் அங்குள்ள தோட்டமொன்றில் கோப்பிச் செடிகளின் இலைகளில் மஞ்சட் புள்ளிகள் தோன்றின. இலையைத் திருப்பினால் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்திருந்தது. சில வாரங்களில் இலைகள் உதிர்ந்தன. பேராதனைத் தோட்டத்தின் பணிப்பாளர் துவெயிற்ஸ் மாதிரி இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பேர்க்லி என்னும் அறிஞர் ஆராய்ந்து, இது ஒரு பங்கசு என்று கண்டு, ஹெமிலேயா வாஸ்டாட்றிக்ஸ் என்று பெயரிட்டார். 'பாழாக்குவது' என்பது பின்பெயரின் பொருள்.

தோட்டத்துரைமார் முதலில் செய்தது என்ன? நான் செய்ததையேதான்! மண்ணில் சத்தில்லை என்று பசளை போட்டார்கள். கோப்பியும் தளிர்த்தது. நோயுள்ள தளிர்கள் மறுபடியும் உதிர்ந்தன. ஒவ்வொரு முறை தளிர்க்கும்போதும் செடி தன் சேமிப்பில் ஒரு பங்கைச் செலவழித்தது. 1880 முதல் இரண்டு ஆண்டுகள் இங்கு தங்கி ஆராய்ந்த ஹரி மார்ஷல் வார்ட், அந்தப் பொடி காற்றில் பரவும் வித்தி என்பதையும், ஈரமான இலைமீது விழுந்தால் முளைத்து உள்ளே புகுகிறது என்பதையும் விளக்கினார். இடையில் வேறு மரமின்றி மலை முழுவதும் கோப்பியே நின்றது பரவலுக்குத் துணையாயிற்று. காரணம் தெளிவானபோது காலம் கடந்துவிட்டது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் பெருங் கோப்பித் தொழில் சாய்ந்தது. 1867இல் லூல்கந்துராவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது.

கோப்பிக்காலத்தில் பழம் பறிக்க வந்து பருவம் முடிய ஊர் திரும்பிய தமிழ்த் தொழிலாளர்கள் பலர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. அதனால் தொழிலாளர்கள் குடும்பத்தோடு தங்க வேண்டியதாயிற்று. லயங்கள் பெருகின. நம்மிற் பலருடைய பாட்டன் பாட்டிமார் இம்மலைகளில் நிலைத்த வரலாற்றில் மடூல்சீமையில் உதிர்ந்த இலைகளுக்கும் பங்குண்டு.

வீட்டுச் செடிக்கு இதிலிருந்து பெறும் பாடம் இதுவே. இலையின் மேற்புறத்தை மாத்திரம் பார்த்து முடிவு செய்யாதீர்கள், திருப்பிப் பாருங்கள். வெண்பஞ்சு போல ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. பழுப்புச் செதில்கள் தண்டில் வரிசையாக இருந்தால் செதிற்பூச்சி. நுண்ணிய வலையும் ஊசிமுனை போன்ற வெளிறிய புள்ளிகளும் இருந்தால் சிலந்தியுண்ணி. இது வறண்ட மாதங்களில் வரும். கறிவேப்பிலை, எலுமிச்சை, தோடை ஆகியன ஒரே குடும்பத்துத் தாவரங்கள். ஆதலால் எலுமிச்சையில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சி கறிவேப்பிலையிலும் இடும். பறவை எச்சம் போலத் தோன்றும் சிறு புழுவும், பின்னர் அது மாறும் பச்சைப் புழுவும் இலையைத் தின்று ஈர்க்கை மாத்திரம் விட்டுவைக்கும். புழுவைக் கையால் எடுத்துவிடலாம். மற்றவற்றை ஈரத்துணியாலும் மெல்லிய சவர்க்கார நீராலும் துடைத்து, பின் நல்ல நீரால் கழுவினால் பெரும்பாலும் போதும். சமையலுக்குப் பயன்படும் செடியில் கண்ட மருந்தையும் அடிக்கலாகாது.

வெளிச்சத்தையும் மறத்தல் கூடாது. முற்றத்து வெயிலில் வளர்ந்த செடியைத் திடீரென்று உள்ளே வைத்தால், அந்த மங்கலான ஒளியில் எல்லா இலைகளையும் பேண அதனால் இயலாது. யன்னலிலிருந்து சில அடி உள்ளே தள்ளினாலே வெளிச்சம் பலமடங்கு குறைந்துவிடும். நம் கண் அதற்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் நமக்கு அது தெரிவதில்லை. சாடி வைக்கும் இடத்தில் பகலில் கையை நீட்டிப் பாருங்கள். நிழலின் ஓரம் தெளிவாக விழுந்தால் வெளிச்சம் நன்று. நிழலே தெரியாத இடம் செடிக்கு உகந்ததன்று.

பெரியவர் செய்த வைத்தியம்

அன்று அந்தப் பெரியவர் செய்ததை வரிசைப்படி சொல்கிறேன். குரோட்டன், ரோசா முதலிய வேறு சாடிச் செடிகளில் வேர் அழுகினாலும் முறை பெரும்பாலும் இதுதான்.

முதலில் சாடியைச் சரித்து, பக்கங்களில் தட்டி, மண்கட்டியோடு செடியை வெளியே எடுத்தார். அடித் துவாரம் வேராலும் களியாலும் அடைபட்டிருந்தது. வெளிவேர்களில் பாதி கறுத்து, தொட்டால் தோல் கழன்று வந்தது. உள்ளே சில வேர்கள் வெளிறி உறுதியாக இருந்தன. "இது போதும்" என்றார். மண் துகள்களுக்கு இடையிலுள்ள வெளிகளில் காற்று இருக்க வேண்டும். வேர் அங்கிருந்தே ஒட்சிசனைப் பெறுகிறது. நீர் அவ்வெளிகளை நாட்கணக்கில் நிரப்பி நின்றால் வேர் மூச்சடைத்து இறக்கும். இறந்த வேரை அழுகச் செய்யும் பங்கசுகள் பின்னர் வந்து சேரும்.

இரண்டாவதாக, கத்தியைச் சுடுநீரிற் கழுவித் துடைத்து, அழுகிய வேர்களை நல்ல பகுதி தொடங்கும் இடம் வரை வெட்டினார். பழைய மண்ணை முற்றாக நீக்கினார். அதில் என் யூரியாவும் போயிற்று. பசளை மிகுந்தால் ஏன் கேடு என்று மாணவர்கள் கேட்கலாம். எலுமிச்சை ஊறுகாய் போடும்போது கவனியுங்கள். உப்பிட்ட துண்டுகளிலிருந்து நீர் தானே வெளிவரும். அவ்வாறே பசளை உப்பு மிகுந்த மண்ணும் வேரிலிருந்து நீரை வெளியே இழுக்கும். நோயுற்ற வேருக்குப் பசளை கொடுப்பது அதனை ஊறுகாய் போடுவதாகும்.

மூன்றாவதாக, தோட்டமண், ஆற்றுமணல், நன்றாக மக்கிய கூட்டெரு ஆகியவற்றைச் சம பங்காகக் கலந்தார். பழைய சாடியை ஒதுக்கி, அதைவிடச் சிறியதொன்றைக் கேட்டார். குறைந்த வேருக்குப் பெரிய சாடி ஆகாது; வேர் குடிக்காத மண் உலராமல் ஈரமாகவே கிடக்கும். அடியில் கல் நிரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியன்று. ஈரம் கல்லுக்கு மேலேயுள்ள மண்ணில் தங்கி, வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடும். துவாரம் அடைபடாதிருக்க ஓர் ஓட்டுத்துண்டு போதும்.

நான்காவதாக, கொப்புகளை வெட்டினார். இங்கேதான் தேயிலைக்காரரின் அறிவு தெரிந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவதை மலையகத்தில் அறியாதவர் இல்லை. வெறும் கட்டையாக நிற்கும் செடி மறுபடி தளிர்ப்பது எதனால்? வேரிலே சேமித்துள்ள மாப்பொருளால். ஆகவே வெட்டுவதற்கு முன் பென்சிற் பருமனுள்ள வேர்த்துண்டில் அயடீன் கரைசலைத் தடவிப் பார்க்கும் வழக்கமும் உண்டு. கருநீலமாக மாறினால் சேமிப்பு இருக்கிறது, வெட்டலாம். மாறாவிட்டால் செடிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். பாடசாலை ஆய்வுகூடத்தில் உருளைக்கிழங்கில் நாம் செய்யும் சோதனைதான் அது. வெட்டும்போதும், மூச்சு விடுவதற்கென்று ஒன்றிரண்டு இலைக்கிளைகளை விட்டு வைப்பதுண்டு.

பெரியவர் காய்ந்த நுனிகளை மாத்திரம் வெட்டினார். எஞ்சியிருந்த பதினொரு ஈர்க்குகளில் ஒன்றையும் தொடவில்லை. அழகில்லாமல் நிற்கிறதே என்றேன். "சம்பாதிக்கிறது அதுதாங்க. அதையும் வெட்டிட்டா யாரு சோறு போடுறது?" என்றார்.

கடைசியாகச் சாடியைச் சுற்றி மூன்று குச்சி நட்டு, தெளிவான பொலித்தீன் பையொன்றைத் தளர்வாகக் கவிழ்த்தார். தவறணையில் ஒற்றை இலையோடு வெட்டி நட்ட தேயிலைத் தண்டு வேர்விடும்வரை காப்பது இதே முறையில்தான். காற்றில் ஈரம் மிகுந்தால் இலை இழக்கும் நீர் குறையும். அதற்குள் வேர் வளர்ந்துகொள்ளும். 1829இல் நதானியேல் வார்ட் என்ற இலண்டன் வைத்தியர் இதனைத் தற்செயலாகக் கண்டார். இவர் கோப்பி நோயை ஆராய்ந்தவரல்லர், வேறு ஒருவர். மூடிய கண்ணாடிப் போத்தலுக்குள் பன்னச் செடியொன்று தானாக முளைத்து வாழ்வதைக் கண்டு, அவர் கண்ணாடிப் பெட்டிகளைச் செய்தார். சீனத்துத் தேயிலைக் கன்றுகளை றொபேட் போர்ச்சூன் இந்தியாவுக்குக் கப்பலில் உயிரோடு கொண்டு சென்றது அத்தகைய பெட்டிகளில்தான். நம் பொலித்தீன் பை அந்தப் பெட்டியின் ஏழைத் தம்பி. நாள்தோறும் சிறிது நேரம் திறந்து காற்றாட விட வேண்டும்; நேர் வெயிலில் வைக்கலாகாது.

"புது முளை காணுற வரைக்கும் பசளைப் பேச்சே எடுக்காதீங்க. இடத்தையும் மாத்தி மாத்தி வைக்காதீங்க" என்று சொல்லி விடைபெற்றார்.

காத்திருத்தல்

இந்த வைத்தியத்தில் மிகக் கடினமான பகுதி ஒன்றும் செய்யாதிருப்பதுதான். வேரை வெட்டிய பின் முதல் வாரத்தில் மேலும் நான்கு ஈர்க்குகள் உதிர்ந்தன. தாயார் என்னைப் பார்த்தார். நான் பெரியவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "உதிரட்டும். வேருக்குத் தக்கன எலையை அதுவே கொறச்சுக்கிடும்" என்றார். தண்ணீர்ச் செம்பை எடுத்த கை பலமுறை விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அந்த மாதங்களில் ரசத்துக்குத் தாளிக்கச் சந்தைக் கறிவேப்பிலையே வாங்கினோம்.

மூன்று வாரங்களின் பின் பையை நாளுக்குச் சிறிது நேரம் கூடுதலாகத் திறந்து, பின் முற்றாக எடுத்துவிட்டோம். காலை வெயில் படும் யன்னலோரத்துக்கும், மாசி பிறந்து மழை குறைந்தபின் விறாந்தைக்கும் சாடி நகர்ந்தது. ஒவ்வோர் இடத்திலும் பத்து நாட்கள். நிழலில் வளர்ந்த இலை திடீர் வெயிலில் கருகிவிடும் என்பதால் தவறணையிலும் கன்றை இப்படித்தான் படிப்படியாக வெயிலுக்குப் பழக்குவார்கள்.

பங்குனி நடுவில் ஒருநாள், இலை உதிர்ந்த கணுவொன்றில் கடுகளவு பச்சை தெரிந்தது. அடுத்த வாரம் ஐந்து கணுக்களில் தெரிந்தது. சித்திரையில் புது ஈர்க்குகள் விரிந்தன. அதன் பின்னரே மாதத்துக்கு ஒருமுறை ஒரு பிடி கூட்டெரு மேல்மண்ணில் தூவினோம். ஆடியில் கச்சான் அடித்தபோது சாடியைச் சுவரின் மறைவில் வைத்து, மண்ணின் மேல் காய்ந்த புல்லைப் பரப்பினோம். கவ்வாத்து வெட்டிய மலையில் கொப்புகளைப் பரப்பி நிலத்தின் ஈரத்தைக் காப்பதைப் பார்த்துக் கற்றது அது.

எல்லாச் செடிகளும் இப்படிப் பிழைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வெளிறிய வேர் ஒன்றுகூட இல்லாமற் போன செடியை எந்த வைத்தியமும் மீட்காது. ஆனால் நம் வீடுகளில் இறக்கும் செடிகள் பல கவனிப்பின்றி இறப்பவையல்ல. பதற்றத்தோடு கூடிய அன்பினால் இறக்கின்றன. மஞ்சள் இலையைக் கண்டவுடன் செம்பை எடுக்காமல், விரலால் மண்ணையும், கண்ணால் இலையின் அடிப்புறத்தையும், நகத்தால் பட்டையையும் ஒருமுறை சோதித்தால் பாதி வைத்தியம் முடிந்துவிடும்.

புரட்டாதியில் சாடியின் ஓரத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு வேர்க்கன்று எழுந்தது. தாயார் அதன் படத்தைக் கூடலூருக்கு அனுப்பச் சொன்னார். அன்றிரவே பெரியம்மா தொலைபேசியில் பேசினார். வயது எண்பதைத் தாண்டியவர். "அம்மா வச்ச மரமா?" என்று ஒரு தடவைக்கு மூன்று தடவை கேட்டாராம். ஆமென்று சொல்லிவிட்டுத் தாயார் நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

கன்று ஒரு சாண் வளர்ந்ததும் அதைப் பிரித்தெடுத்து, பெரியவரின் வீட்டுக்கு நானே கொண்டு சென்றேன். ஈரச் சாக்கில் சுற்றித் தந்தவர் என் தாயார். பெரியவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, பேரனைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"அந்தச் சின்னச் சாடிய எடுத்தாடா. அடியில ஓட்டை இருக்கான்னு மொதல்ல பாரு."